ஒலியிலிருந்து ஒளிக்கு: கொழும்புத் தமிழ் நேயரின் இரசனை வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கலை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் ஆக்கியோனிலிருந்து தொடங்கி ஆக்கத்துடன் முடித்துவிடுவர். பாடலை இயற்றியவர் யார், இசையமைத்தவர் யார், படத்தை நெறிப்படுத்தியவர் யார் என்பன ஆண்டுவாரியாகப் பதிவாகின்றன. அப்பாடலைக் கேட்டவரும் அப்படத்தைப் பார்த்தவரும் என்ன எண்ணினர் என்பது எழுதப்படுவதில்லை. அவரவர் சொந்த அபிப்பிராயம் என்று அது ஒதுக்கப்படுகின்றது. ஆயின் ஓர் அபிப்பிராயம் ஒருவருடையதாக இருக்கும்வரையே அது சொந்த விடயம். ஒரே பாடலை வேண்டி வெவ்வேறு ஊர்களிலிருந்து பெருந்தொகையானோர் தபாலட்டை எழுதும்போது அது சமூக வரலாற்றின் ஒரு கூறாகிவிடுகின்றது.

கொழும்பு வாழ் தமிழர், குறிப்பாக வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்தோர், வானொலிக் காலத்திலிருந்து தொலைக்காட்சிக் காலத்திற்கு வந்த வரலாற்றை இக்கண்ணோட்டத்தில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவர்கள் எதைக் கேட்டனர், எதைப் பார்த்தனர், பிறர் மொழியில் வந்தவற்றில் தமக்குரியதாக எதனை இனங்கண்டுகொண்டனர் என்னும் வினாக்கள் இங்கு எழுப்பப்படுகின்றன. இவற்றுக்கு விடை காண முயலும்போது, படத்தைவிட ஒலியே இம்மக்களின் இரசனையைப் பெரிதும் உருவாக்கியது என்ற உண்மை புலனாகும்.

வானொலி நகரம்

தந்தித் திணைக்களத்தில் பொறியியலாளராகக் கடமையாற்றிய எட்வேர்ட் ஹார்ப்பர் 1923ஆம் ஆண்டிலேயே கொழும்பில் பரிசோதனை ஒலிபரப்புகளை மேற்கொண்டார். 1925 டிசெம்பர் 16இல் முறையான ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. ஆயினும் கொழும்பின் குரல் கடல் கடந்து ஒலிப்பதற்குக் காரணமாயிருந்தது இரண்டாம் உலகப் போராகும். நேச நாடுகளின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் தன் போர்வீரருக்கென இங்கு நிறுவிய வலுமிக்க சிற்றலை ஒலிபரப்பி, போர் முடிந்தபின் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1949இல் 'றேடியோ சிலோன்' உருவாயிற்று. மறு ஆண்டு வர்த்தக சேவை தொடங்கியது. கொழும்புத் திட்டத்தின்கீழ் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிபர்ட் டொட் அச்சேவையைக் கட்டியெழுப்பியவர்களுள் முக்கியமானவர்.

இதே காலத்தில் இந்தியாவில் நிகழ்ந்த ஒரு கொள்கை மாற்றம் கொழும்புக்குப் பெருவாய்ப்பை அளித்தது. 1952இல் இந்தியத் தகவல், ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் இசையறிவைக் கெடுக்கின்றன என்னும் கருத்துடையவர். அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்குரிய இடம் சுருங்கிற்று. அமைச்சரின் அபிப்பிராயம் ஒன்றாகவும் மக்களின் அபிப்பிராயம் வேறாகவும் இருந்தமையால் இந்திய நேயர்கள் தம் வானொலிப் பெட்டியின் முள்ளைக் கொழும்பை நோக்கித் திருப்பினர். அதே ஆண்டு ஆரம்பமான அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' பம்பாயில் ஒலிப்பதிவு செய்யப்பட்டுக் கொழும்பிலிருந்து இந்தியா முழுவதற்கும் ஒலிபரப்பாயிற்று. இந்தியா 1957இல் 'விவித் பாரதி' சேவையைத் தொடங்கித் திரைப்பாடல்களுக்கு இடமளித்த பின்னரும் கொழும்பின் செல்வாக்கு நெடுங்காலம் நிலைத்திருந்தது.

இந்தி நேயருக்கு நிகழ்ந்தது தமிழ் நேயருக்கும் நிகழ்ந்தது. எஸ். பி. மயில்வாகனத்தின் குரல் இராமேசுவரத்திலும் மதுரையிலும் திருச்சியிலும் வீட்டுக் குரலாயிற்று. அவருக்குப் பின் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத், இராஜேஸ்வரி சண்முகம் முதலியோர் அம்மரபை வளர்த்தனர். தமிழகத்தின் பண்பாட்டு ஆக்கங்களைப் பெற்று நுகர்வதே இலங்கைத் தமிழர் நிலை எனப் பொதுவாகக் கருதப்படுவதுண்டு. ஒலிபரப்பைப் பொறுத்தவரையில் அந்நிலை தலைகீழாயிற்று. பாடல் சென்னையில் பிறந்தது. அது பரவியது கொழும்பிலிருந்து. 1976இல் 'அன்னக்கிளி' வாயிலாக இளையராஜா அறிமுகமானபோது அப்பாடல்களை முதன்முதலில் இலங்கை வானொலியிலேயே கேட்டதாகத் தமிழகத்தார் பலர் இன்றும் நினைவுகூர்வர்.

தபாலட்டையும் ஒலிச்சித்திரமும்

நேயரின் அபிப்பிராயத்திற்கு இவ்வானொலி அளித்த இடமே இங்கு முதன்மையாகக் கருதத்தக்கது. 'நீங்கள் கேட்டவை', 'பொங்கும் பூம்புனல்', 'இரவின் மடியில்', 'இசையும் கதையும்', 'பாட்டுக்குப் பாட்டு' ஆகிய நிகழ்ச்சிகள் இன்றும் மறக்கப்படாதவை. இவற்றுட் சில முற்றிலும் நேயரின் தபாலட்டைகளில் தங்கியிருந்தன. பாடலைக் கேட்க விரும்பியோரின் பெயரும் ஊரும் வரிசையாக வாசிக்கப்பட்டன. பத்திரிகைக்கு எழுத வாய்ப்பற்ற ஒரு கடைச் சிப்பந்தியோ, மேடையேற வழியற்ற ஒரு குடும்பப் பெண்ணோ தம் விருப்பத்தை நாடறியச் சொல்வதற்கு ஒரு தபாலட்டையின் விலையே போதுமாயிருந்தது. யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் அட்டனும் கொட்டாஞ்சேனையும் ஒரே மூச்சில் உச்சரிக்கப்பட்டபோது பிரதேச வேறுபாடுகள் ஒரு கணமேனும் மறைந்தன எனலாம்.

படத்தைக் காணுமுன்னரே அதன் பாடலைக் கேட்டுவிடுவது அக்கால இலங்கை நேயரின் பொது அனுபவமாகும். இதற்குப் பொருளாதாரக் காரணமொன்றும் உண்டு. 1972இல் நிறுவப்பட்ட அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பில் படங்களின் இறக்குமதியும் விநியோகமும் வந்தன. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் உள்ளூர்க் கலைகளை ஊக்குவிக்கும் நோக்கமும் சேர்ந்து இந்தியப் படங்களின் வரவைக் கட்டுப்படுத்தின. சென்னையில் வெளியாகிப் பல காலம் கழிந்த பின்னரே பல படங்கள் இங்குத் திரையேறின. ஆனால் பாடல்கள் அவ்வாறு காத்திருக்கவில்லை. வெள்ளவத்தையின் சவோய், பிளாசா ஆகிய படமாளிகைகளுக்கும், கொட்டாஞ்சேனையின் செல்லமஹால், கெயிட்டி ஆகியவற்றுக்கும் படம் வந்து சேர்ந்தபோது பார்வையாளர் ஏற்கெனவே அப்பாடல்களை மனனஞ் செய்திருந்தனர்.

இவ்விரு பகுதிகளின் சமூக அமைப்பும் ஒன்றன்று. கொட்டாஞ்சேனை துறைமுகத்தையும் செட்டியார் தெருவையும் அடுத்துள்ள பழைய குடியிருப்பு. வணிகரும் தொழிலாளரும், இந்துக்களும் கத்தோலிக்கரும் நெருங்கி வாழ்ந்த இடம். பொன்னம்பலவாணேசர் கோயிலும் புனித லூசியாள் பேராலயமும் அதன் இரு அடையாளங்கள். வெள்ளவத்தை பெரும்பாலும் அரசாங்க உத்தியோகத்தரும் ஆசிரியரும் குடியேறிய நடுத்தர வர்க்கப் பகுதி. 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் இருப்பிடமும் அதுவே. கருநாடக இசையையும் இலக்கியச் சொற்பொழிவையும் உயர்ந்தனவாகக் கருதியோர் திரைப்பாடலைப் பகிரங்கமாகப் பாராட்டத் தயங்கினர். எனினும் வானொலியின் முன் இப்பாகுபாடு நெடிது நிற்கவில்லை. ஒரே பாடல் ஒரே நேரத்தில் இரு பகுதிகளிலும் ஒலித்தது.

இக்காலத்தின் தனிச்சிறப்பான கலைவடிவம் ஒலிச்சித்திரமாகும். ஒரு திரைப்படத்தின் உரையாடலையும் பாடலையும் பின்னணி இசையையும் சுருக்கித் தொகுத்து வானொலியில் வழங்குவதே ஒலிச்சித்திரம். காட்சி இன்றிப் படத்தை நுகரும் இவ்வழக்கம் நேயருக்கு ஒரு பயிற்சியாய் அமைந்தது. கதவு திறக்கும் ஓசை, காலடி ஓசை, வயலினின் ஏற்ற இறக்கம் ஆகியவற்றிலிருந்து காட்சியைத் தாமே கற்பனை செய்துகொள்ள வேண்டியிருந்தது. ஆகவே நடிகனின் தோற்றத்தைவிடக் குரலையும், காட்சியின் பகட்டைவிடச் சொல்லின் தெளிவையும் மதிக்கும் இரசனை வளர்ந்தது. 'சானா' எனப்பட்ட சண்முகநாதன் வளர்த்த வானொலி நாடகத் துறையும் இதற்கு உரமூட்டியது. 'இலண்டன் கந்தையா', 'விதானையார் வீட்டில்' முதலிய நாடகங்கள் யாழ்ப்பாணப் பேச்சு வழக்கைக் கலைக்குரிய மொழியாக்கின. செவிச்செல்வத்தைத் தலையாயதெனப் போற்றிய வள்ளுவர் மரபில் வந்தோர்க்கு இது புதுமையன்று என்று கூறலாமெனினும், இங்கு அச்செல்வத்தை வழங்கியது ஓர் இயந்திரம் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

இதன் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. வர்த்தக சேவை என்பது விளம்பரத்தில் வாழ்வது. சென்னைத் திரைப்பட வணிகத்தின் கிளைச் சந்தையாகக் கொழும்பு மாறுகின்றது என்று முற்போக்கு எழுத்தாளரும் திறனாய்வாளரும் எழுபதுகளில் எழுப்பிய கண்டனம் புறக்கணிக்கத்தக்கதன்று. நேயரின் விருப்பம் சுதந்திரமானதெனத் தோன்றினும், எவற்றுள் ஒன்றை விரும்பலாம் என்பதை இசைத்தட்டு வணிகமே பெருமளவிற்குத் தீர்மானித்தது.

உள்ளூர் இசையின் நிலை

இச்சூழலில் இலங்கையில் ஆக்கப்பட்ட தமிழிசை எந்நிலையில் இருந்தது? முதலில் ஒரு முரண்பாட்டைக் குறிப்பிட வேண்டும். முதற் சிங்களப் பேசும் படமான 'கடவுணு பொறொந்துவ' 1947இல் வெளிவந்தபோது அதனைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். அது உருவானதும் தமிழகத்திலேயே. நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். முத்துசாமி சிங்களத் திரையிசையின் முன்னணி இசையமைப்பாளருள் ஒருவராய் விளங்கினார். சேலத்திற் பிறந்த மொஹிதீன் பேக் சிங்கள மக்களின் பேரன்பிற்குரிய பாடகரானார். அவர் பாடிய பௌத்த பக்திப் பாடல்கள் வெசாக் காலத்தில் இன்றும் ஒலிக்கின்றன. ஹெந்தளையில் விஜயா கலையகத்தை நடத்திய கே. குணரத்தினம் சிங்களச் சினிமாவின் முக்கிய தயாரிப்பாளர். சிங்களத் திரையொலிக்கு இவ்வளவு பங்களித்த தமிழர் தம் மொழியில் ஒரு திரைத்தொழிலை இந்நாட்டில் நிலைநாட்ட இயலவில்லை.

1962இல் வெளியான 'சமுதாயம்' தொடக்கம் சில பத்துப் படங்களை எண்ணுமுன்னரே இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் முதற் கட்டம் முடிந்துவிடுகின்றது. 'குத்துவிளக்கு' (1972), 'பொன்மணி' (1977), 'வாடைக்காற்று' (1978) ஆகியன மண்ணின் வாழ்வைச் சித்திரிக்க முயன்றவை. தர்மசேன பத்திராஜ என்னும் சிங்கள நெறியாளர் காவலூர் இராசதுரையின் எழுத்தைக் கொண்டு 'பொன்மணி'யை யாழ்ப்பாணத்தில் ஆக்கினார். வெகுசன வெற்றி பெற்ற 'கோமாளிகள்' (1976) வானொலியில் எஸ். ராமதாஸ் குழுவினர் நிகழ்த்திய நகைச்சுவைத் தொடரிலிருந்து பிறந்தது என்பது பொருள் பொதிந்தது. ஒலியில் வெற்றி பெற்றதே ஒளிக்கு வந்தது. நேயரின் காதுகள் முன்னரே அங்கீகரித்த குரல்களைப் பார்க்கவே மக்கள் படமாளிகைக்குச் சென்றனர்.

இலங்கை வானொலியின் மெல்லிசை நிகழ்ச்சியும் இத்தகைய அங்கீகாரத்தை நாடியதே. எஸ். கே. பரராஜசிங்கம், முல்லைச் சகோதரிகள் முதலியோர் உள்ளூர்க் கவிஞரின் பாடல்களைப் பாடினர், எம். கே. றொக்சாமி, கண்ணன், நேசம் போன்றோர் இசையமைத்தனர். மறுபுறம் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் வளர்த்த பொப்பிசை, பைலாவின் தாளத்தையும் தமிழ்ப் பேச்சையும் இணைத்தது. மனோகரனின் 'சுராங்கனி' கடல் கடந்து தமிழகத்தையே ஆட்கொண்டது. ஆயினும் மெல்லிசைக்கு இசைத்தட்டு வணிகத்தின் பின்பலம் இருக்கவில்லை. ஒலிபரப்பப்பட்ட வேளையில் கேட்டவரே கேட்டவர். ஒலிப்பதிவு அழிந்தால் பாடலும் அழிந்தது.

1983 யூலையில் அவ்வழிவு கண்கூடாயிற்று. கொழும்பில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்ட நாட்களில் ஹெந்தளை விஜயா கலையகமும் தீக்கிரையானது. அங்கிருந்த படச்சுருள்கள் சாம்பலாயின. அவற்றுட் பெரும்பாலானவை சிங்களப் படங்கள். தமிழனின் உடைமை என்று வைக்கப்பட்ட தீ சிங்களக் கலையின் நினைவையும் எரித்தது. இனவாதத்தின் குருட்டுத்தன்மைக்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

தொலைக்காட்சியின் வருகை

இந்நிகழ்வுக்கு நான்கு ஆண்டுகள் முன்னரே தொலைக்காட்சி கொழும்பை அடைந்திருந்தது. 1979 ஏப்ரில் 13இல் சுயாதீன தொலைக்காட்சிச் சேவை தனியார் முயற்சியாகத் தொடங்கப்பட்டது. இரு மாதங்கள் நிறைவதற்குள், யூன் 5இல், அரசு அதனைப் பொறுப்பேற்றது. யப்பானிய நன்கொடையுடன் உருவான இலங்கை ரூபவாகினிக் கூட்டுத்தாபனம் 1982 பெப்ரவரி 15இல் ஒளிபரப்பை ஆரம்பித்தது. பீதுருதாலகால மலையுச்சியில் அமைந்த அதன் ஒளிபரப்பி நாட்டின் பெரும்பகுதியை எட்டிற்று. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975இலேயே தொடங்கியிருந்தமையை நோக்கும்போது கொழும்பு பிந்தியே வந்தது. ஆயினும் வண்ண ஒளிபரப்பில் இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தவை.

வானொலியில் தமிழுக்கென முழுமையான சேவைகள் இருந்தன. தொலைக்காட்சியிலோ மூன்று மொழிகளும் ஒரே அலைவரிசையின் மாலை நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டன. தமிழுக்குக் கிடைத்தது செய்தியும் சில நிகழ்ச்சிகளுமே. உபகண்டம் முழுவதற்கும் குரல் கொடுத்துப் பழகிய ஒரு மொழி, தன் நகரின் புதிய சாதனத்தில் ஓர் ஓரத்தில் அமர்த்தப்பட்டது. இதன் விளைவாகத் தமிழ்ப் பார்வையாளன் தன் பொழுதின் பெரும்பகுதியைப் பிறமொழி நிகழ்ச்சிகளைப் பார்ப்பதில் கழித்தான். அவனை அந்நிகழ்ச்சிகளுக்குள் அழைத்துச் சென்றது பெரும்பாலும் இசையே. இதனை இரு தொடர்களைக் கொண்டு விளக்கலாம்.

ஓஷின்

முதலாவது யப்பானியத் தொடரான 'ஓஷின்'. 1983 ஏப்ரில் தொடக்கம் ஓராண்டு காலம் 297 பகுதிகளாக யப்பானில் ஒளிபரப்பாகிய இத்தொடரைச் சுகாக்கோ ஹஷிதா எழுதினார். யப்பானியரில் ஏறத்தாழச் சரிபாதியினர் இதனைப் பார்த்தனர். சராசரிப் பார்வையாளர் வீதம் 52.6. பின்னர் உலகின் பல நாடுகளுக்கும் சென்ற இத்தொடர் இலங்கையில் ரூபவாகினி வழியே சிங்களக் குரல்களுடன் வந்தது. ரூபவாகினியில் மொழிமாற்றக் கலையை ஒரு தனித்துறையாக வளர்த்த டைட்டஸ் தொட்டவத்தவின் பெயர் இங்குக் குறிப்பிடப்பட வேண்டியது.

வறிய குத்தகை விவசாயியின் மகளான ஓஷின் ஒரு மூடை அரிசிக்காக ஏழு வயதில் வீட்டு வேலைக்கு அனுப்பப்படுகின்றாள். இக்கதையைக் கண்டு கண்ணீர் வடித்த வீடுகளின் அமைப்பைச் சற்று எண்ணிப்பார்த்தல் வேண்டும். கொழும்பின் நடுத்தர வர்க்க வீடுகள் பலவற்றில், தமிழர் வீடுகள் உட்பட, மலையகத் தோட்டங்களிலிருந்து அழைத்துவரப்பட்ட சிறுமியர் வீட்டு வேலை செய்தமை யாவரும் அறிந்ததே. நாற்காலியில் இருந்தோர் யப்பானியச் சிறுமிக்காக இரங்கினர். அதே மண்டபத்தில், நிலத்தில் அமர்ந்தோ, கதவு நிலையைப் பற்றி நின்றோ பார்த்த தமிழ்ச் சிறுமிக்கு அது கதையன்று. அவளுக்குச் சிங்கள உரையாடல் முழுதும் விளங்கியிராது; ஆயின் தாயைப் பிரியும் காட்சியின் இசை விளங்குவதற்கு மொழி எதற்கு? இத்தொடர் பற்றி அவளது அபிப்பிராயம் எதுவென எவரும் கேட்டதில்லை. எந்தப் பத்திரிகையிலும் அது அச்சேறியதில்லை. இரசனை வரலாற்றில் உள்ள பெரிய வெற்றிடங்களுள் இதுவும் ஒன்றாகும்.

மால்குடியும் ஒரு மெட்டும்

இரண்டாவது 'மால்குடி நாட்கள்'. சென்னையிற் பிறந்து மைசூரில் வாழ்ந்த தமிழரான ஆர். கே. நாராயண் ஆங்கிலத்தில் எழுதிய கதைகள் இவை. கன்னட நடிகரும் நெறியாளருமான சங்கர் நாக், கர்நாடகத்தின் ஆகும்பே என்னும் மலையூரில் இவற்றைப் படமாக்கினார். 1986, 1987 அளவில் இந்தியத் தொலைக்காட்சியில் இந்தி மொழியில் வந்த இத்தொடரை இலங்கை மக்கள் சிங்கள மொழிமாற்றத்தில் கண்டனர். தமிழ் மனத்தில் உதித்து, ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, கன்னட நாட்டில் உருப்பெற்று, இந்தியில் பேசி, சிங்களம் உடுத்து வந்த ஒரு கதையை வெள்ளவத்தையில் ஒரு தமிழ்க் குடும்பம் பார்த்திருந்தது. இத்தனை மொழிகளைக் கடந்தும் மாற்றமின்றி வந்த ஒன்றே ஒன்று உண்டு: தொடரின் முகப்பில் ஒலித்த இசை.

அவ்விசை சொற்களற்றது. ஆர். கே. லக்ஷ்மணின் கோட்டோவியங்கள் திரையில் நகர, சில வெற்றசைகளை மீட்டும் குரலொன்று எளிய மெட்டாகத் தவழும். அதனைக் கேட்டவர் எவரும் எளிதில் மறப்பதில்லை. பொருளற்ற அசைகளால் ஆனமையின் எந்த மொழியினரும் அதனைத் தம்முடையதெனக் கொள்ள முடிந்தது. நாட்டார் தாலாட்டின் எளிமையும் பண்பட்ட இராக அறிவும் அதில் இணைந்துள்ளன.

அதனை அமைத்தவர் எல். வைத்தியநாதன் (1942-2007). 'ஏழாவது மனிதன்' (1982), உரையாடலே இல்லாத 'பேசும் படம்' (1987) ஆகியவற்றுக்கும் இசை வழங்கியவர் இவரே. வயலின் மேதைகளான எல். சுப்பிரமணியமும் எல். சங்கரும் இவரின் இளைய சகோதரர்கள். இவர்களின் தந்தையார் வி. இலட்சுமிநாராயண ஐயர் யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். சகோதரர்களின் இளமைக் காலத்தில் அக்குடும்பத்தின் வீடு யாழ்ப்பாணத்திலிருந்தது. சுப்பிரமணியம் சிறுவனாக மேடையேறியதும் அங்கேயே. 1958ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் பின் அக்குடும்பம் இந்நாட்டை நீங்கிச் சென்னை சென்றது.

இச்செய்தி அறியப்பட்டவுடன் அம்முகப்பிசை வேறு பொருள் பெறுகின்றது. 1958இல் இந்நாட்டை விட்டகன்ற ஒரு வீட்டின் இசை, 1983ஐக் கண்ட கொழும்புக்கு, மூன்று தசாப்தங்களின் பின், அரச தொலைக்காட்சி வழியாகச் சிங்கள நிகழ்ச்சியொன்றின் முகப்பாகத் திரும்பி வந்தது. அதனைச் சிங்களக் குழந்தைகள் முணுமுணுத்தனர். தமிழ்க் குழந்தைகளும் முணுமுணுத்தனர். கலவரத்தில் ஒரு நாடு எதை இழக்கின்றது என்பதற்கு எரிந்த கட்டடங்களின் கணக்கு உண்டு. சென்றுவிட்ட இசைக்குக் கணக்கில்லை. இலட்சுமிநாராயணரின் மாணவர் பரம்பரை யாழ்ப்பாணத்திலேயே தொடர்ந்திருந்தால் இந்நாட்டின் இசை எவ்வாறு வளர்ந்திருக்கும் என்பது வரலாறு விடையளிக்காத வினா. ஆனால் அவ்வினாவை எழுப்ப ஒரு தொலைக்காட்சித் தொடரின் முகப்பிசை போதுமானதாயிருக்கின்றது.

பிற்கால மாற்றங்கள்

1983இன் பின் கொழும்புத் தமிழரின் பொழுதுபோக்குப் படமாளிகையிலிருந்து வீட்டுக்குள் ஒடுங்கத் தலைப்பட்டது. வீடியோ நாடாவும் 'டெக்'கும் இதற்குத் துணைபுரிந்தன. தமிழ்ப் படத்தை வாடகைக்குப் பெற்று வீட்டிலிருந்தே பார்க்கும் வழக்கம் பரவிற்று. கோடைக்கானல் மலையில் அமைந்த இந்தியத் தொலைக்காட்சியின் ஒளிபரப்புக் கோபுரம் வடபகுதியிலும் மேற்குக் கரையிலும் உயர்ந்த அன்ரனா வைத்திருந்தோருக்குத் தமிழ் நிகழ்ச்சிகளைக் கொணர்ந்தது. 1993இல் சென்னையில் சன் தொலைக்காட்சியும், 1998இல் கொழும்பில் சக்தி தொலைக்காட்சியும் தோன்றிய பின் தமிழ் நிகழ்ச்சிக்குப் பஞ்சமென்ற நிலை நீங்கியது.

இவ்வளர்ச்சி வரவேற்கத்தக்கதே. எனினும் இதனால் ஏற்பட்ட இழப்பையும் கருதவேண்டும். தமிழுக்குத் தனி அலைவரிசைகள் வந்தபின் சிங்களத் தொடரைத் தமிழ்ப் பார்வையாளன் பார்க்க வேண்டிய தேவை அருகிற்று. தமிழ் நிகழ்ச்சியைச் சிங்களப் பார்வையாளன் பார்க்கும் வாய்ப்போ முன்னரும் பெரிதாக இருக்கவில்லை. ஓரலைவரிசைக் காலத்தின் பாகுபாடு கண்டிக்கத்தக்கது. ஆயினும் அக்காலத்தில் இரு இனத்துக் குழந்தைகளும் ஒரே மெட்டை முணுமுணுத்தனர் என்பதும் உண்மை. உரிமையைப் பெற்றபோது பொதுமையை இழந்த இந்நிலை இன்று சிந்திக்கப்பட வேண்டியது.

முடிவாக

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோமாயின் மூன்று உண்மைகள் தெளிவாகும். முதலாவது, கொழும்புத் தமிழரின் இரசனை செவிவழியே உருவானது. காட்சிச் சாதனம் வந்தபின்னும் அப்பண்பு மாறவில்லை. இரண்டாவது, மொழிப் பெயர்கள் மறைத்துவிடும் உறவுகளை இசை வெளிப்படுத்துகின்றது. சிங்களத் திரையொலியில் நாகர்கோவிலும் சேலமும் உள்ளன. மால்குடியின் மெட்டுக்குப் பின்னால் யாழ்ப்பாணத்து வீடொன்று உள்ளது. மூன்றாவது, இவ்வரலாற்றின் முதன்மைச் சான்றுகள் ஆவணக் களரிகளில் மாத்திரம் இல்லை. அவை நேயரின் நினைவிலும் மேசை இழுப்பறைகளிலும் கிடக்கின்றன.

மூன்றாவது உண்மை உடனடிக் கடமையொன்றைச் சுட்டுகின்றது. வானொலியில் ஒலித்த மெல்லிசைப் பாடல்களையும் நாடகங்களையும் நேயர் பலர் தம் ஒலிநாடாக்களிற் பதிவுசெய்து வைத்தனர். இன்று இணையத்திற் கேட்கக் கிடைக்கும் பழைய ஒலிபரப்புகளுட் பல அவ்வாறு தனியார் காத்தவையே. ஒலிநாடா நிலைத்த பொருளன்று. அதனைப் பதிந்தவர்களும் முதுமையடைந்துவிட்டனர். பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இலேயே தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்புச் சாதனமாக ஆராய்ந்து வழிகாட்டினார். அவ்வழியில் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் முதியோரை அணுகி, அவர்கள் கேட்டவற்றையும் பார்த்தவற்றையும், அவை பற்றி அவர்கள் கொண்டிருந்த அபிப்பிராயங்களையும் பதிவுசெய்ய முன்வர வேண்டும். அன்று கதவருகில் நின்று 'ஓஷின்' பார்த்த சிறுமியர் இன்று ஐம்பது வயதை அணுகியோ கடந்தோ இருப்பர். அவர்களிடமிருந்தே அப்பணி தொடங்குமாயின், இரசனை வரலாறு உண்மையிலேயே மக்கள் வரலாறாகும்.